நூற்றிருபது கிராம் கிளியும் ஒரு பிஸ்கட் டப்பாவும்

நான் ஒரு கிளிக்குஞ்சு வளர்ப்பதென்று முடிவு செய்தேன். இதைக் கேட்டதும் என்னைப் பறவைகளிடம் இரக்கமுள்ளவன் என்று சிலர் நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும். நல்ல நினைப்பைக் கெடுப்பானேன்.

உண்மையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்குக் கிளி மேல் ஆசையில்லை. கிரீம் பிஸ்கட் மேல் ஆசை.

அந்த வாரம்தான் டாக்டர் என் ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். அன்று சாயங்காலமே என் மனைவி வீட்டில் சர்க்கரை இல்லாமல் செய்துவிட்டாள். சர்க்கரை டப்பாவில் துணி காயப்போடும் கிளிப்புகள் வந்து உட்கார்ந்தன. பிஸ்கட் இருந்த தட்டில் மின்சார ரசீதுகள். அலமாரிக்குள் கையை விட்டால் வாயில் போடுகிற மாதிரி எதுவுமே அகப்படவில்லை.

"மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்பாங்க," என்றாள் மனைவி.

"எடுக்கட்டும்."

"அதுல குறையலைன்னா எங்க அண்ணனை வரச்சொல்லிடுவேன். ஒரு மாசம் கூடவே இருந்து பார்த்துப்பாரு."

என் மச்சான் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். உத்தியோகம் போனாலும் விசில் கழுத்தைவிட்டுப் போகவில்லை. போன முறை வந்து நாலே நாள் தங்கினார். என்னைத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓட வைத்தார். இன்றைக்கும் குக்கர் விசிலடித்தால் என் முழங்கால்கள் தாமாக மேலே எழும்புகின்றன. நாலு நாளுக்கே இப்படி. ஒரு மாதம் என்றால் என்னை மடித்து ஒரு பைக்குள் வைத்துவிடலாம்.

ஆக, பிஸ்கட்டும் வேண்டும், மச்சானும் வரக்கூடாது. இதுதான் என் பிரச்சினை.

என் உத்தியோகத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் எடையளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சந்தேகப்படுவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கும் ஒருவன், வீட்டுக்கு வந்ததும் அதைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட முடியாது. எங்கள் சமையலறைத் தராசுக்கே முத்திரை உண்டு. வீட்டுத் தராசுக்கு யாரும் முத்திரை போடுவதில்லை, சட்டமும் கேட்பதில்லை. நான் போட்டேன். வருஷா வருஷம் சோதித்து, தேதி எழுதி, கையெழுத்திட்டு, ஈயக்கட்டியை நசுக்கி.

"முத்திரை உள்ள தராசு சொன்னால் அதுக்கு மேல பேச்சே கிடையாது. முத்திரைத் தேதி முடிஞ்ச தராசு என்ன சொன்னாலும் செல்லாது." கல்யாணமான முதல் வாரத்திலேயே மனைவிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். மற்ற புது மாப்பிள்ளைகள் அந்த வாரத்தில் என்ன பேசுவார்களோ, எனக்குத் தெரியாது.

யோசனை பிறந்தது பறவைக் கடையில். தானியம் நிறுக்கும் தராசைச் சோதிக்கப் போயிருந்தேன். ஒரு அட்டைப் பெட்டிக்குள் தேய்ந்த பல்துலக்கி மாதிரி ஏதோ எழும்பி நின்று வாயைத் திறந்தது. ஆறு வாரக் கிளிக்குஞ்சு. பண்ணையில் பொரித்தது, ரசீது உண்டு என்றார் கடைக்காரர். நான் ரசீதைப் பார்க்கவில்லை. திறந்த வாயைப் பார்த்தேன். ஒரு வீட்டுக்குள் தின்பண்டம் நுழைய அதைவிட நல்ல வாசல் எது?

"இது பிஸ்கட் திங்குமா?"

"திங்கும் சார்."

"முந்திரி?"

"திங்கும் சார்."

"கிரீம் பிஸ்கட்? நடுவுல கிரீம் வச்சது?"

கடைக்காரர் என் எடைக்கல் பையைப் பார்த்தார். தன் தராசைப் பார்த்தார். "நீங்க வளர்த்தா திங்கும் சார்," என்றார்.

பெட்டியோடு ஒரு துண்டுச்சீட்டும் கொடுத்தார். வளர்ப்பு முறையாம். எறும்பு எழுத்து. கடைகளில் பொட்டலத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட லென்ஸ் வைத்துப் படிப்பவன் நான். அன்று அதை மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். எல்லாம் அந்த மடிப்பில்தான் ஆரம்பித்தது.

வீட்டில் பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்து, வழியெல்லாம் பதில்கள் தயார் செய்துகொண்டு போனேன். மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள். சீட்டை எடுத்துக் கண்ணாடி போட்டு, இரண்டு பக்கமும் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"வளர்க்கலாமே," என்றாள்.

அவ்வளவுதான். என்னிடம் பதினோரு பதில்கள் மிச்சமிருந்தன. இருபது வருஷத்தில் நான் கொண்டுவந்த எந்தப் பொருளையும் அவள் இப்படி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டதில்லை. எனக்கு அப்போதே இடித்தது.

"இதுக்குத் தினமும் பிஸ்கட் வாங்கணும்," என்றேன் மெதுவாக.

"அப்படியா?"

"முந்திரியும்."

"பாவம், வளர்ற பிள்ளை," என்றாள்.

இன்னும் பலமாக இடித்தது. ஆனால் பிஸ்கட் என்ற சொல் காதில் விழுந்தால் எனக்கு மூளை கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்யும்.

குஞ்சுக்குக் குட்டி என்று பெயராகிவிட்டது. யாரும் வைக்கவில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படி ஆயிற்று. முனை வளைத்த கரண்டியில் கஞ்சி ஊட்டுவது மனைவியின் வேலை. சூட்டை மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பாள். குட்டி தலையை ஆட்டி ஆட்டிக் குடிக்கும். கழுத்துக்குக் கீழே ஒரு பை பலூன் மாதிரி உப்பும். காலையில் அந்தப் பை காலியாக இருக்கும்போது எடை பார்க்க வேண்டும் என்று சீட்டில் இருந்ததாம். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் குட்டியை உட்காரவைத்து, ஒரு நோட்டில் எழுதினாள். முதல் நாள் தொண்ணூற்றிரண்டு கிராம்.

"தராசு சரியாத்தானே காட்டும்?" என்று கேட்டாள்.

"யார் போட்ட முத்திரை அது? பூமி தப்பாச் சுத்தினாலும் சுத்தும், என் தராசு தப்பாக் காட்டாது."

"அதான் கேட்டுக்கிட்டேன்," என்று சொல்லி, அதையும் நோட்டில் எழுதினாளோ என்னவோ.

ஒரு நாள் குட்டி மூன்று கிராம் குறைந்துவிட்டது. நான் அன்று அலுவலகத்துக்கு லீவு போட்டேன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் மூச்சை எண்ணினேன். மறுநாள் ஐந்து கிராம் கூடியது. இதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பிஸ்கட் டப்பா பால்கனி அலமாரியில் இருந்தது. இறுக்கமான மூடி. திறந்தால் 'டொப்' என்று ஒரு சத்தம் வரும். அலுவலகத்துக்குக் கிளம்பும் முன்னும் வந்த பின்னும் நான் பால்கனியில் உட்கார்ந்து 'குட்டிக்குப் பேச்சுக் கற்றுக்கொடுப்பேன்'. டொப். நறுக், நறுக். அடுத்த பிஸ்கட்டை எடுக்கும் முன் 'க்கும்' என்று ஒரு கனைப்பு. யாராவது வருகிறார்களா என்று பார்ப்பதற்கு. யாரும் வரவில்லை என்றால் மறுபடி டொப். மரியாதைக்குக் குட்டியிடமும் ஒன்றை நீட்டுவேன். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். விருந்தாளிக்கு விட்டுக்கொடுக்கும் நாகரிகமான பறவை என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் வாரம் சொர்க்கம். இரண்டாவது வாரம் பிஸ்கட்டின் ருசி மாறியது.

பார்ப்பதற்கு அதே வட்டம், அதே ஓரப் பற்கள், நடுவில் அதே வெளுப்பு. வாயில் போட்டால் நனைந்து காய்ந்த தபால்தலை. நேரே பேக்கரிக்குப் போனேன். பை நிறையக் கற்களோடு.

"சார், போன மாசம்தானே பார்த்தீங்க?" என்றார் பேக்கரிக்காரர்.

நாலு பாக்கெட்டை நிறுத்தேன். எடை சரியாக இருந்தது.

"எடை சரி. ருசி சரியில்லை."

"இருக்கலாம் சார். ருசியைச் சோதிக்க உங்ககிட்ட கல்லு இருக்கா?"

என்னிடம் இல்லை. இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தேன். என்ன விசேஷம் என்றால், பேக்கரி வாசலிலேயே பிரித்துத் தின்ற ஒன்று நன்றாக இருந்தது. டப்பாவுக்குள் போய் ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிஸ்கட்தான் தபால்தலையாகியது. டப்பாவைச் சந்தேகப்பட்டேன். கழுவி வெயிலில் காயவைத்தேன். பிறகு என் நாக்கைச் சந்தேகப்பட்டேன். வயசாகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் தின்பதை நிறுத்தவில்லை. திருடித் தின்கிறவன் ருசி பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. நாலைந்து நாளில் பழகிவிட்டது. ஒரு வாரம் போனதும், சொன்னால் வெட்கம், பிடித்துக்கூடப் போய்விட்டது.

இரண்டு மாதம் ஓடியது. குட்டிக்கு இறக்கை முளைத்து, மூக்கு சிவந்து, கூண்டின் மேல் நடக்கத் தொடங்கியது. அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

நான் குளித்துக்கொண்டிருந்தேன். பால்கனியில் டொப்.

தலையில் நுரையோடு ஓடிவந்தேன். மனைவி ஜன்னல் பக்கம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பாதியில?"

"சும்மா. தண்ணி சரியா வருதான்னு..."

"இங்கேயா வரும்?"

மறுநாள் சவரம் செய்யும்போது டொப். அதற்கு மறுநாள் செருப்பு மாட்டும்போது டொப். ஒவ்வொரு முறையும் ஓடினேன். ஒவ்வொரு முறையும் மனைவி சமர்த்தாக வேறு ஏதோ வேலையில் இருந்தாள். அவள் வாயை உற்றுப் பார்த்தேன். அசையவில்லை. அசையாமல் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அசையாத வாயைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது என் அனுபவம்.

என் பிஸ்கட்டை என் மனைவி திருடுகிறாள். வீட்டுக்குள் அதைக் கொண்டுவர நான் ஒரு பறவையையே வளர்க்க வேண்டியிருந்தது. இவளுக்கோ சர்க்கரை கிடையாது, தடை கிடையாது. கடைக்குப் போய் வாங்கித் தின்ன வேண்டியதுதானே? எனக்கு ஆத்திரமாக வந்தது. நியாயமில்லாத காரியத்தைச் செய்கிறவனுக்குத்தான் நியாயத்தைப் பற்றி அவ்வளவு கோபம் வரும்.

தொழில்முறையில் இறங்கினேன். சனிக்கிழமை காலையில் டப்பாவை மூடியோடு தராசில் வைத்தேன். ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு அலுவலகம் போனேன். அன்று முழுவதும் கையைக் கழுவவில்லை. சாயங்காலம் வந்து மறுபடி நிறுத்தேன்.

ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.

தராசைக் குலுக்கினேன். மறுபடி வைத்தேன். ஆயிரத்து முந்நூற்றுப் பத்து. இருபத்திரண்டு வருஷத்தில் குறைத்து நிறுத்தவர்களைப் பிடித்திருக்கிறேன். கல்லைக் குடைந்தவர்களைப் பிடித்திருக்கிறேன். திருட்டுப் போன இடத்தில் சரக்கு கூடிய வழக்கு ஒன்றுகூட என்னிடம் வந்ததில்லை. உட்கார்ந்து நாலு பிஸ்கட் தின்றுதான் மனசை ஒருநிலைப்படுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். குளிக்கப் போகிறேன் என்று சத்தமாகச் சொன்னேன். குழாயைத் திறந்துவிட்டு, குளியலறைக் கதவை வெளியே நின்று சாத்தினேன். துண்டோடு நுனிக்காலில் நடந்து பால்கனித் திரைக்குப் பின்னால் நின்றேன். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

டொப்.

திரையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தேன். "மாட்டிக்கிட்டியா," என்றேன்.

யாரும் இல்லை. அலமாரியில் டப்பா மூடியபடி இருந்தது. கூண்டின் மேல் குட்டி. அது தலையைச் சாய்த்து என்னை ஒரு கண்ணால் பார்த்தது.

"டொப்," என்றது குட்டி. மூடியின் சத்தமேதான். "நறுக், நறுக்." கொஞ்சம் நிறுத்தியது. பிறகு கழுத்தை நீட்டி, இரண்டு பக்கமும் பார்த்து, "க்கும்," என்றது.

அது என் கனைப்பு. என் அப்பாவுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எனக்கு மட்டும் வந்த கனைப்பு.

"குளிச்சாச்சா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

மனைவி துணி வாளியோடு நின்றாள். "குழாய் ஓடுதே, உள்ள யாரு குளிக்கறா?"

"இது... இது என்னமோ சத்தம் போடுது."

"ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டா அதையே கத்துக்குமாம். சீட்டுல போட்டிருக்கு." வாளியைக் கீழே வைத்தாள். "யாருகிட்ட கேட்டுச்சுன்னுதான் போடலை."

"அதுதான் பிஸ்கட் திங்குதே, அது திங்கற சத்தம்..."

"பிஸ்கட், சர்க்கரை, உப்பு, மூணும் குட்டிக்கு விஷம் மாதிரி. கொடுக்கவே கூடாதுன்னு முதல் வரியிலேயே இருக்கு. நீங்க படிக்கலையா?"

துண்டு நழுவியது, பிடித்துக்கொண்டேன். அவள் சமையலறைக்குப் போய் நோட்டைக் கொண்டுவந்தாள். குட்டியின் எடைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை இருந்தது. டப்பாவின் எடை. காலையும் மாலையும், இரண்டு மாதமாக.

"ஒரு நாளைக்கு டப்பாவுல நூத்தியெண்பது கிராம் குறையுது," என்றாள். "குட்டியோட மொத்த எடையே நூத்தியிருபது. நூத்தியிருபது கிராம் பறவை நூத்தியெண்பது கிராம் தின்னுட்டு, மறுநாளும் நூத்தியிருபதுல நிக்குது. எப்படிங்க?"

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. "தராசு தப்பாக் காட்டுது," என்றேன்.

அவள் தராசையே தூக்கிவந்து என் முன் திருப்பி வைத்தாள். இந்த வருஷத் தேதி. ஈயக்கட்டி. அதன் கீழே என் கையெழுத்து, நீட்டி முழக்கி.

தராசு தப்பு என்றால் நான் பொய் முத்திரை போட்ட ஆய்வாளர். தராசு சரி என்றால் நான் குஞ்சின் பேரைச் சொல்லித் தின்ற திருடன். இருபத்திரண்டு வருஷ உத்தியோகம் ஒரு பக்கம், பிஸ்கட் ஒரு பக்கம். நெடுநேரம் யோசித்தேன்.

"தராசு சரி," என்றேன்.

"நல்லது."

"ஆனா டப்பா கனம் கூடுச்சே? நானே நிறுத்தேன்."

"நான் ரொப்பறேன், கூடாம என்ன செய்யும்? ரெண்டாவது வாரத்துலேர்ந்து நீங்க தின்னது கடை பிஸ்கட் இல்லை. குட்டியோட தீனி. தானிய மாவு, கீரைத்தூள், பூசணி விதை. கஞ்சிக்கு அரைச்சது மீதி இருந்துச்சு, வட்டமா தட்டி, ஓரத்துல முள்கரண்டியால அழுத்தி, சுட்டு வச்சேன். நடுவுல மாவுப் பசை."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். "நேரா என்கிட்டயே கொடுத்திருக்கலாமே?"

"தட்டுல வச்சுக் கொடுத்தா தின்னுருப்பீங்களா? ஒளிஞ்சு திங்கறதா இருந்தா உங்களுக்கு மரத்தூளும் ருசிக்கும்."

அப்போது குட்டி மறுபடி ஆரம்பித்தது. டொப். நறுக், நறுக். இந்த முறை கனைப்பு இல்லை. அதற்குப் பதில் மெல்லிதாக ஒரு கிணுகிணுப்பு. வளையல் சத்தம்.

நான் வளையல் போடுவதில்லை.

"இது யாரு?" என்றேன். எனக்கு உயிர் திரும்பியது. "நான் வாங்கிட்டு வந்த நிஜ பிஸ்கட்டெல்லாம் எங்கே? தினம் ரெண்டு பாக்கெட். எங்கே போச்சு?"

"தினமும் டப்பாவைத் திறந்து ரொப்பறது நான். வளையல் சத்தம் வராதா?"

"ரொப்பறப்ப நறுக்குன்னு சத்தம் வருமா?"

"குழாயை மூடிட்டு வாங்க, தண்ணி வீணாப் போகுது," என்று சொல்லி வாளியை எடுத்துக்கொண்டு போனாள். என் சந்தேகம் அப்படியே நின்றது, குழாய்தான் நின்றபாடில்லை.

மூன்றாவது மாதம் டாக்டரிடம் போனோம். காத்திருக்கும் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கண்ணை மூடினால் விசில் கேட்டது. டாக்டர் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நல்லாக் குறைஞ்சிருக்கே. என்ன சாப்பிடறீங்க?"

"குட்டி சாப்பிடறதைத்தான் டாக்டர்," என்றாள் மனைவி.

"உங்க குழந்தையா?"

"கிளிங்க."

டாக்டரின் பேனா நின்றது. மனைவி தீனியின் விவரத்தைச் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். "இதையே தொடருங்க. காலையில நாலு, சாயங்காலம் நாலு." ஒரு பறவையின் உணவு என் மருந்துச்சீட்டில் ஏறியது. பரவாயில்லை. மனைவி அங்கேயே போனை எடுத்து, "அண்ணே, நீ வர வேண்டாம்," என்றாள். என் முழங்கால்கள் தரையில் அமைதியாக இறங்கின.

"நீங்களும் ஒரு தடவை ஏறி நில்லுங்கம்மா," என்றார் டாக்டர், மூலையில் இருந்த எடை பார்க்கும் மேடையைக் காட்டி. "போன தடவை முழங்கால் வலின்னீங்களே."

மனைவி ஏறினாள். முள் ஆடி நின்றது.

"மூணு மாசத்துல நாலு கிலோ கூடியிருக்கே," என்றார் டாக்டர்.

நாலு கிலோ. தினம் இரண்டு பாக்கெட். எனக்குள் ஒரு பெரிய கதவு திறந்தது. ஆதாரம் கிடைத்துவிட்டது, அதுவும் சாட்சியோடு. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தேன்.

மனைவி நிதானமாக இறங்கினாள். குனிந்தாள். மேடையின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"டாக்டர், இதோட முத்திரைத் தேதி போன வருஷமே முடிஞ்சுபோச்சே," என்றாள். என் பக்கம் திரும்பினாள். "என்னங்க, இது சொல்றது செல்லுமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். முடிந்துதான் இருந்தது.

"செல்லாது," என்றேன்.

வெளியே வந்து பேக்கரியைக் கடக்கும்போது மனைவி நின்றாள்.

"ரெண்டு பாக்கெட் கிரீம் பிஸ்கட் வாங்கிடுங்க."

"யாருக்கு?"

"குட்டிக்குத்தான். பாவம், வளர்ற பிள்ளை."

வாங்கிக் கொடுத்தேன். எடை சரியாகத்தான் இருந்தது.